இல்லாத முடிவும் தொலைந்த சுருளும்

1962 ஆகஸ்ட் 11 அன்று ஜப்பானில் வெளியான ‘கிங் காங் எதிர் காட்ஸில்லா’ படத்துக்கு இரண்டு முடிவுகள் உண்டு என்ற செய்தி ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக உலவுகிறது. அமெரிக்கப் பிரதியில் கிங் காங் ஜெயிக்கிறதாம். ஜப்பானியப் பிரதியில் காட்ஸில்லா ஜெயிக்கிறதாம். அந்தந்த ஊர் ரசிகருக்கு அந்தந்த ஊர் மிருகம். சினிமா ரசிகர்கள் கூடும் இடங்களில் இதை அடித்துச் சொல்பவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். அந்த ஜப்பானிய முடிவை நேரில் பார்த்தவர் எவரையும் சந்தித்ததில்லை. எல்லோரும் யாரோ சொல்லக் கேட்டவர்கள், எங்கோ படித்தவர்கள். அந்த ‘எங்கோ’ எது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் படத்தைப் பற்றி. டோஹோ நிறுவனம் தன் 30ஆம் ஆண்டைக் கொண்டாடும் விதமாக எடுத்த படம் இது. இயக்கம் இஷிரோ ஹோண்டா, தந்திரக் காட்சிகள் எய்ஜி ட்சுபுராயா, இசை அகிரா இஃபுகுபே. 1954இல் முதல் காட்ஸில்லா படத்தைத் தந்த அதே மூவர். 1955இல் வந்த இரண்டாவது படத்தின் முடிவில் காட்ஸில்லாவைப் பனிச்சரிவுக்குள் புதைத்துவிட்டு ஏழு ஆண்டுகள் டோஹோ அதைத் தொடவில்லை. பனிப்பாறையைப் பிளந்துகொண்டு அது மீண்டும் வெளியே வருவது இந்தப் படத்தில்தான். இரண்டு மிருகங்களும் முதன்முதலாக வண்ணத்திலும் அகலத்திரையிலும் தோன்றியதும் இதில்தான். முதல் வெளியீட்டிலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. ஜப்பானில் அதிகம் பேர் திரையரங்கில் பார்த்த காட்ஸில்லா படம் என்ற இடம் இன்றும் இதற்குத்தான்.

இத்தனை பேர் பார்த்த ஒரு படத்தின் கடைசி நிமிடம் பற்றியா இவ்வளவு குழப்பம்? இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் முறையான வழி. ஜப்பானியப் பிரதி 97 நிமிடம். தயாரிப்பாளர் ஜான் பெக் வழியாக 1963 ஜூனில் யுனிவர்சல் வெளியிட்ட அமெரிக்கப் பிரதி 91 நிமிடம்.

ஜப்பானியப் பிரதியில் நடப்பது இது. ஃபுஜி மலைச் சரிவில் தொடங்கும் சண்டை கடற்கரை நகரமான அட்டாமிக்கு நகர்கிறது. அங்கே குன்றின்மேல் நிற்கும் கோட்டையை இரண்டும் ஆளுக்கொரு பக்கமாக நொறுக்குகின்றன. கட்டிப்புரண்டு கடலில் விழுகின்றன. நிலம் அதிர்கிறது. பிறகு நீருக்குமேல் வருவது கிங் காங் மட்டும். அது தன் தீவை நோக்கி நீந்திப் போகிறது. கரையில் நிற்பவர்கள் காட்ஸில்லா செத்திருக்குமா, பிழைத்திருக்குமா என்று பேசிக்கொள்கிறார்கள். முடிந்தது.

அமெரிக்கப் பிரதியிலும் நிகழ்ச்சி அதுவேதான். நிலநடுக்கத்தைப் பெரிதாக்குவதற்கு 1957இல் வந்த ‘மிஸ்டீரியன்ஸ்’ என்ற மற்றொரு டோஹோ படத்திலிருந்து அழிவுக் காட்சிகளை எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். ஐ.நா. தொலைக்காட்சிச் செய்தியாளர் என்று புதிதாக ஒரு பாத்திரத்தைப் படமெடுத்துச் செருகி, அவர் வாயால் கிங் காங்கை வழியனுப்புகிறார்கள். இரண்டிலும் கடலிலிருந்து எழுவது கிங் காங்தான்; இரண்டிலும் காட்ஸில்லா எழவில்லை.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, அது காதுக்கு மட்டும் தெரிவது. ஜப்பானியப் பிரதியில் திரை இருண்டு ‘முடிவு’ என்ற எழுத்து வரும்போது காட்ஸில்லாவின் உறுமல் கேட்கிறது, அதைத் தொடர்ந்து கிங் காங்கின் உறுமல். நாடகம் முடிந்ததும் நடிகர்கள் முன்னால் வந்து வணங்குவார்களே, அப்படியொரு விடைபெறல். அமெரிக்கப் பிரதியில் கிங் காங்கின் குரல் மட்டும் எஞ்சியிருக்கிறது. வதந்தி இந்த உறுமலிலிருந்து முளைத்திருக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. அமெரிக்காவில் வதந்தியைப் பரப்பியவர்கள் அந்த ஒலித்தடத்தைக் கேட்டே இருக்க முடியாது. அவர்களுக்குக் கிடைத்தது வெட்டிய பிரதி மட்டுமே.

சுவடு வேறோரிடத்துக்குப் போகிறது. 1960களில் அமெரிக்காவில் வாரன் பதிப்பகம் ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ் ஆஃப் ஃபிலிம்லேண்ட்’ என்ற இதழை நடத்தியது. ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மன் அதன் ஆசிரியர். பேய்ப்படங்களையும் ராட்சதப் படங்களையும் நேசித்த ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதுதான் பாடநூல். அதன் சகோதர இதழ் ‘ஸ்பேஸ்மென்’. இரண்டு முடிவுகள் உண்டு, ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் பார்த்தால் காட்ஸில்லா ஜெயிக்கும் என்ற தகவல் முதலில் அச்சானது ‘ஸ்பேஸ்மென்’ இதழில். அந்தக் கட்டுரையைப் பின்னர் ‘ஃபேமஸ் மான்ஸ்டர்ஸ்’ தன் 51ஆம் இதழிலும் 114ஆம் இதழிலும் மறுபதிப்பாக வெளியிட்டது. ஒவ்வொரு மறுபதிப்பும் அடுத்த வயதுப் பிள்ளைகளைச் சென்றடைந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் வளர்ந்து பத்திரிகையாளர்கள் ஆனார்கள், திரைப்பட நூல்கள் எழுதினார்கள். ‘ட்ரிவியல் பர்சூட்’ என்ற வினாடி வினா விளையாட்டின் ஒரு பதிப்பில் இது கேள்வியாகவே இடம்பெற்றது. சரியான விடை என்று அட்டையில் அச்சிட்டிருந்தது: காட்ஸில்லா.

ஆவண வேலையில் இப்படிப்பட்ட சங்கிலியை அடிக்கடி பார்க்கலாம். பத்து நூல்கள் ஒரே செய்தியைச் சொன்னால் பத்துச் சாட்சிகள் என்று எண்ணத் தோன்றும். பின்னோக்கி நடந்தால் பத்தும் ஒரே வாசலில் போய் நிற்கும். சரிபார்க்க வழியும் இல்லாமலிருந்தது. அமெரிக்க உரிமை யுனிவர்சலிடம் இருந்ததால் அங்கே வீட்டுக்கு வந்த வீடியோக்கள் எல்லாம் அமெரிக்கப் பிரதியே. ஜப்பானியப் பிரதி அங்கே முறைப்படி வட்டாக வெளிவந்தது 2019இல், கிரைட்டீரியன் நிறுவனத்தின் தொகுப்பில்தான்.

ஆனால் படத்தையே பார்க்காதவரும் கதையை மட்டும் யோசித்திருந்தால் வதந்தியைச் சந்தேகித்திருக்க முடியும். காட்ஸில்லா ஜப்பானின் நாயகன், ஆகவே ஜப்பானியர் அதை ஜெயிக்கவைப்பார்கள் என்பதுதான் வதந்தியின் அடித்தளம். 1962இல் காட்ஸில்லா நாயகன் அல்ல. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ‘அதிர்ஷ்ட டிராகன் எண் 5’ என்ற மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர்மீது படிந்தது. செப்டம்பரில் அவர்களில் ஒருவர் இறந்தார். அந்த நவம்பரில் திரைக்கு வந்தது முதல் காட்ஸில்லா. டோக்கியோவைக் கொளுத்திய அந்த மிருகத்தைக் கண்டு அழுதவர்கள் இருந்தார்கள். உலகைக் காக்கும் பக்கத்துக்கு அது சாய்வது 1964இல், மூன்று தலை கிடோராவை எதிர்த்து நிற்கும்போதுதான். 1962 படத்தில் ஜப்பான் ராணுவம் கிங் காங்கை மயக்கி, பலூன்களில் கட்டித் தூக்கி, ஃபுஜி மலைக்குக் கொண்டுபோவதே காட்ஸில்லாவை விரட்டத்தான். கதைக்குள் இருக்கும் ஜப்பானியர் ஆதரிப்பது விருந்தாளியை.

ட்சுபுராயாவின் பக்கமும் அதுவே. 1933இல் வந்த ‘கிங் காங்’ படம்தான் தந்திரக் காட்சிக் கலைக்குள் அவரை இழுத்தது. அந்தப் படத்தில் கிங் காங்குக்கு உயிர் கொடுத்த வில்லிஸ் ஓ’பிரையன், கிங் காங்கை ஃபிராங்கன்ஸ்டைனின் ராட்சதனோடு மோதவிடும் ஒரு கதையைத் தயாரித்து ஜான் பெக்கிடம் கொடுத்திருந்தார். பெக் அதை டோஹோவிடம் கொண்டுபோனார். எதிராளி காட்ஸில்லாவாக மாறியது. ஓ’பிரையன் வெளியே நின்றார். ஜப்பானில் படம் வெளியாகி மூன்றே மாதத்தில், 1962 நவம்பர் 8 அன்று, அவர் இறந்துபோனார். இந்தப் படத்தின் பின்னணியில் எனக்கு மனம் ஆறாத இடம் அது.

ஆக, இல்லாத முடிவு பற்றிய விசாரணை முடிந்தது. ஆனால் அதற்காகப் பார்த்த பழைய ஜப்பானியப் பதிப்பு ஒன்று வேறொரு கேள்வியை எழுப்பியது. படம் நல்ல வண்ணத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென ஒரு காட்சி வெளுத்துப்போகிறது. கோடுகளும் மங்கலுமாகச் சில நிமிடம். பிறகு வண்ணம் திரும்புகிறது. மீண்டும் வெளுக்கிறது. ஒரே சுருளிலிருந்து வந்த படம் இப்படி இருக்காது. வெளுத்த இடங்களை மட்டும் குறித்துக்கொண்டே போனேன். அலுவலக அறை, பேச்சு, பத்திரிகை, விளம்பர ஏற்பாடு என்று பெரும்பாலும் மனிதர்கள் வரும் காட்சிகள். மிருகங்கள் மோதும் இடங்கள் பளிச்சென்றே இருந்தன.

அந்தக் குறிப்பு ஒரு கத்தரிக்கோலின் வழித்தடம். 1969 டிசம்பரில் டோஹோ ‘சாம்பியன் மட்சுரி’ என்ற பெயரில் குழந்தைகளுக்கான விடுமுறைக்காலத் திரையிடலைத் தொடங்கியது. கார்ட்டூன்கள், சிறுவர் தொடர்கள், கூடவே ஒரு ராட்சதப் படம். பழைய காட்ஸில்லா படங்களைச் சுருக்கி அதில் சேர்த்தார்கள். 1970 வசந்தத்தில் ‘கிங் காங் எதிர் காட்ஸில்லா’வின் முறை வந்தது. 97 நிமிடப் படம் 74 நிமிடம் ஆயிற்று. வெட்டியது பிரதியை அல்ல, மூல நெகட்டிவையே. வெட்டிய துண்டுகளைத் திரும்ப ஒட்டி வைக்கவில்லை, அவை தொலைந்தன.

பழைய சினிமாவைத் தன் வேலையாக எடுத்துக்கொண்ட எவருக்கும் இந்த இடத்தில் வயிறு கலங்கும். டோஹோவின் பக்கம் நின்றும் பார்க்கலாம்: அன்றைக்கு வீடியோ கிடையாது, எட்டு வருடப் பழைய படம் இனி யாருக்கு வேண்டும் என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் இது நாட்டிலேயே அதிகம் பேர் பார்த்த காட்ஸில்லா படம். அதன் தாய்ச்சுருளில் கால்வாசியைச் சொந்த வீட்டுக்காரர்களே வெட்டி எடுத்தார்கள். பின்னாளில் முழுப்படத்தைத் திரும்பக் கோர்க்க முனைந்தபோது வெட்டுப்பட்ட இடங்களுக்கு 16 எம்.எம். தொலைக்காட்சிப் பிரதியைத் தேடிப்போக வேண்டியதாயிற்று. நான் கண்ட வெளுப்பு அதுதான். பிறகு பல ஆண்டுகள் துண்டு துண்டாகத் தேடல் நடந்தது. 2016 ஜூலை 14 அன்று, முழுவதும் 35 எம்.எம். சுருளிலிருந்தே 4கே தரத்தில் மீட்ட பிரதியை ‘நிஹோன் எய்கா சென்மோன்’ தொலைக்காட்சி ஒளிபரப்பியது. முதல் வெளியீட்டில் மக்கள் கண்ட வண்ணத்தில் முழுப்படம் திரும்பி வர 46 ஆண்டுகள் ஆயின.

எந்தக் காட்சிகள் போயின என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை. இந்தப் படம் அடிப்படையில் ஒரு கேலிப் படம். கதாசிரியர் ஷினிச்சி செகிசாவாவும் ஹோண்டாவும் குறிவைத்தது அப்போது ஜப்பானிய வீடுகளுக்குள் வெள்ளமாகப் புகுந்துகொண்டிருந்த தொலைக்காட்சியை. பசிஃபிக் மருந்து நிறுவனத்தின் விளம்பரத் தலைவர் தாக்கோ, தாம் காசு கொடுக்கும் நிகழ்ச்சியை யாரும் பார்ப்பதில்லையே என்று புழுங்குகிறார். பார்வையாளர் கணக்கை ஏற்ற ஒரு ராட்சதனைப் பிடித்து வாருங்கள் என்று இரண்டு பேரை ஃபாரோ தீவுக்கு அனுப்புகிறார். கிங் காங் ஜப்பானுக்கு வருவது ஒரு மருந்துக் கம்பெனியின் விளம்பரப் பொருளாக. இச்சிரோ அரிஷிமா தாக்கோவாக நடித்திருப்பதை நான் காட்ஸில்லா படங்களிலேயே ஆகச் சிறந்த நகைச்சுவை நடிப்பு என்பேன். உடம்பு முழுக்கப் பதற்றம், குரலில் கொஞ்சலும் அதிகாரமும் மாறி மாறி.

1963இல் அமெரிக்கர்கள் இந்தக் கேலியை நறுக்கி, அந்த இடத்தில் செய்தியாளரின் விளக்கவுரையை வைத்தார்கள். இஃபுகுபேயின் இசையில் பெரும்பகுதியை நீக்கி ‘கிரீச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ போன்ற யுனிவர்சல் படங்களின் பழைய இசையைப் போட்டார்கள். 1970இல் டோஹோவும் பிள்ளைகளுக்குச் சண்டை போதும் என்று அதே நரம்பில் கத்தி வைத்தது. இரண்டு நாடுகளில், ஒருவரையொருவர் கேட்காமல், இரண்டு முறை வெட்டப்பட்டது ஒரே பொருள். இல்லாத ஒரு கடைசி நிமிடத்தை உலகம் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில், உண்மையிலேயே இருந்த 23 நிமிடங்களைப் பற்றி அந்த ரசிகர் இதழ்கள் விசாரிக்கவில்லை.

இந்தப் படத்தின் ஆயுள் இவ்வளவு நீண்டதற்கு அந்தச் சண்டை ஒரு காரணம், மறுக்கவில்லை. உடைக்குள் இருந்த ஹாருவோ நகாஜிமாவும் ஷோயிச்சி ஹிரோசேயும் மல்யுத்த மேடையின் அடிகளைத் தாங்களே கோத்து ஆடினார்கள். கடலுக்கடியில் என்ன நடந்தது என்பதைக் காட்டாமல் விட்டதால் யார் ஜெயித்தார் என்ற வாக்குவாதம் தலைமுறை தாண்டி நடக்கிறது. 2021இல் ஹாலிவுட் இதே ஜோடியை மீண்டும் மோதவிட்டபோது அந்தப் பழைய பொய் மறுபடி பத்திரிகைகளில் தலைகாட்டியது. ஆனால் மீட்ட பிரதி கையில் கிடைப்பவர்கள் முதல் அரை மணி நேரத்தைத் தள்ளி ஓடவிடாமல் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். காட்ஸில்லா பனியைப் பிளந்து வந்துவிட்டது, ஊர் அலறுகிறது, பத்திரிகைகளில் அதே பேச்சு. தாக்கோவுக்கு அதைப் பார்த்துப் பயம் வரவில்லை. தன் ராட்சதனுக்கு வரவேண்டிய விளம்பரத்தை இன்னொரு ராட்சதன் இலவசமாக அள்ளிக்கொண்டு போகிறானே என்று பொருமுகிறார்.