டிஜே மென்பொருளில் பாடல் தொகுப்பை ஒழுங்குபடுத்துவது எப்படி? இரு தொகுப்புகளை இழப்பின்றி இணைக்கும் முறை

சந்தாபுரா, பெங்களூரு: பெங்களூருவிலிருந்து ஓசூர் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திராவை அடுத்து அமைந்துள்ளது ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த சந்தாபுரா. தமிழக எல்லைக்கு அருகிலுள்ள இப்பகுதியில் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி பேசுவோர் கலந்து வாழ்கின்றனர். எனவே இங்குள்ள ஒரு திருமண வரவேற்பில் இசை வழங்கும் டிஜே, நான்கு மொழிப் பாடல்களையும் கேட்ட மாத்திரத்தில் ஒலிக்கச் செய்ய வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளாகச் சேர்த்த பாடல்கள் பழைய கணினியிலும், புதிய மடிக்கணினியிலும், பென்டிரைவ்களிலும் சிதறிக் கிடந்தால் அது இயலாது. அவற்றை ஒன்றாக்கும்போது கவனம் தவறினால், ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒரே நாளில் அழிந்துவிடவும் கூடும்.

பட்டியல் வேறு, பாடல் வேறு

2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் டிராக்டர் மென்பொருளை வெளியிட்டது. 2004-இல் நியூசிலாந்தின் செராட்டோ நிறுவனம் ஸ்கிராட்ச் லைவையும், 2009-இல் ஜப்பானின் பயனியர் நிறுவனம் ரெக்கார்ட்பாக்ஸையும் அறிமுகப்படுத்தின. விர்ச்சுவல்டிஜேயும், கட்டணமின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருளான மிக்ஸும் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளன.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. மென்பொருளில் உருவாக்கப்படும் பாடல் பட்டியலுக்குள் பாடல் இருப்பதில்லை. அது வன்தட்டில் எங்கே உள்ளது என்ற முகவரி மட்டுமே பதிவாகிறது. நூலகத்தின் அட்டைப் பட்டியலுக்கு இதனை ஒப்பிடலாம். நூலை வேறு அலமாரிக்கு மாற்றிவிட்டால் அட்டை பொய்த்துவிடும். அதுபோலவே, கோப்புறையின் பெயரை மென்பொருளுக்கு வெளியே மாற்றினால், பட்டியலில் பாடல் காணாமற்போனதாகக் காட்டப்படும். ஒரே பாடலைப் பத்துப் பட்டியல்களில் சேர்த்தாலும் கூடுதல் இடம் தேவைப்படாததற்கும் இதுவே காரணம்.

பாடலின் தொடக்கம், பல்லவி, தாளம் மாறும் இடம் ஆகியவற்றில் டிஜே இடும் அடையாளப் புள்ளிகள் கியூ எனப்படுகின்றன. செராட்டோ இவற்றைப் பாடல் கோப்பிற்குள்ளேயே எழுதுகிறது. டிராக்டர் 'கலெக்‌ஷன்' என்னும் கோப்பிலும், ரெக்கார்ட்பாக்ஸ், மிக்ஸ் ஆகியவை தத்தம் தரவுத்தளங்களிலும் முழு நூலகத்தின் விவரங்களை வைத்துக்கொள்கின்றன. ஆகவே பாடல்களை மட்டும் நகலெடுத்துப் புதிய கணினிக்குக் கொண்டுசென்றால் இந்தக் குறிப்புகள் உடன் வராமல் போகலாம். தரவுத்தளத்தையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும்.

தரமும் அளவும்

நொடிக்கு 320 கிலோபிட் தரமுள்ள எம்பி3 கோப்பு நிமிடத்துக்கு 2.4 மெகாபைட் இடம் கொள்ளும். ஐந்து நிமிடப் பாடலுக்கு 12 மெகாபைட் என்றால், பத்தாயிரம் பாடல்களுக்கு ஏறத்தாழ 120 ஜிகாபைட் தேவை. குறுந்தகட்டுத் தரத்திலான வேவ் கோப்புக்கு இதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் தேவைப்படும். ஒலித்தரம் குறையாமல் இடத்தை மிச்சப்படுத்த ஃபிளாக் வடிவம் உதவும். 128 கிலோபிட் கோப்பை 320-க்கு மாற்றுவதால் இழந்த ஒலி திரும்பாது. கோப்பின் பருமன் மட்டுமே கூடும். கைப்பேசியில் தெரியாத இக்குறை, மண்டபத்தின் பெரிய ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்கும்.

பெயர்க் குழப்பம்

எம்பி3 கோப்பில் பாடல், பாடகர், படம், ஆண்டு முதலிய விவரங்கள் ஐடி3 எனப்படும் குறிப்புகளாகப் பதிவாகின்றன. 1996-இல் வந்த முதல் பதிப்பு 128 பைட் மட்டுமே கொண்டது. பாடலின் பெயருக்கு 30 எழுத்துகளே ஒதுக்கப்பட்டன. தமிழ் எழுத்துக்கு இடமில்லை. பின்னர் வந்த இரண்டாம் பதிப்பு யூனிகோடை ஏற்கிறது. ஆயினும் சில இயக்கிகளின் திரையில் தமிழ் எழுத்துகள் தோன்றுவதில்லை என்பதால், பலர் ரோமன் எழுத்திலேயே பெயரிடுகின்றனர்.

இங்குதான் சிக்கல் எழுகிறது. இளையராஜா என்ற ஒரு பெயரே ரோமன் எழுத்தில் பல விதமாக எழுதப்படுகிறது. ழகரமும் நெடிலும் ஆளுக்கொரு வகையாக இடம்பெறுகின்றன. தேடும்போது ஒரு வடிவத்தைத் தட்டினால் மற்ற வடிவங்களில் உள்ள பாடல்கள் வெளிவருவதில்லை. எனவே ஒரே எழுத்து முறையைத் தெரிவு செய்து எல்லாக் கோப்புகளிலும் பின்பற்ற வேண்டும். மொழி, படம், ஆண்டு, நிகழ்ச்சியின் தன்மை ஆகியவற்றையும் குறித்தால், "1990-களின் கன்னடப் பாடல்கள்" போன்ற பட்டியல்களை மென்பொருளே விதிப்படி உருவாக்கித் தரும்.

இணைக்கும் முறை

இரு தொகுப்புகளை இணைப்பதற்கு முன் இரண்டையும் தரவுத்தளத்துடன் தனி வன்தட்டில் படியெடுக்க வேண்டும். அதன்பின் எல்லாப் பாடல்களையும் ஒரே தலைமைக் கோப்புறையின்கீழ் கொண்டுவந்து, மென்பொருளிலுள்ள மறு இடங்காட்டும் வசதி மூலம் புதிய முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

அடுத்தது இரட்டைப் பதிவுகளைக் களைவது. பெயரை மட்டும் பார்த்து நீக்குவது ஆபத்தானது. ஒரே தலைப்பில் வெவ்வேறு படப் பாடல்களும், ஒரே பாடலுக்குத் திரை வடிவமும் ரீமிக்ஸ் வடிவமும் இருக்கக்கூடும். பாடலின் நீளத்தை ஒப்பிட வேண்டும். ஒலியையே ஆராய்ந்து அடையாளம் காணும் மியூசிக்பிரெயின்ஸ் பிக்கார்ட் போன்ற திறமூலக் கருவிகளும் உதவும். தரம் குறைந்த படியை நீக்குமுன், கியூ குறிகள் அதில்தான் உள்ளனவா என்று பார்ப்பது இன்றியமையாதது. பட்டியலிலிருந்து நீக்குவதும் வன்தட்டிலிருந்து அழிப்பதும் வெவ்வேறு கட்டளைகள் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

தாளமும் சுருதியும்

புதிய பாடல்களை மென்பொருள் ஆராய்ந்து, நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகத்தைக் கணக்கிடுகிறது. 100 தட்டு உள்ள பாடலை 104 தட்டு உள்ளதுடன் இணைக்க, முன்னதன் வேகத்தை 4 விழுக்காடு கூட்டினால் போதும். வேகத்தை ஏறத்தாழ 6 விழுக்காடு கூட்டினால் சுருதி அரைச்சுரம் உயரும். கீ லாக் வசதியை இயக்கினால் சுருதி மாறாது.

தமிழ்ப் பாடல்களில் இக்கணிப்பு பிழைபடுவதுண்டு. 80 தட்டை 160 என இரட்டித்துக் காட்டுவது ஒரு பிழை. பெரும்பாலான மென்பொருள்கள் நான்கு தட்டுச் சுற்றையே அடிப்படையாகக் கொள்வதால், நாட்டுப்புறப் பாங்கிலான திச்ர நடைப் பாடல்களில் கட்டம் பொருந்தாமல் போகும். கணினி இசை பரவுவதற்கு முன், கலைஞர்கள் ஒன்றாக அமர்ந்து வாசித்துப் பதிவான பாடல்களில் வேகம் சிறிதளவு ஏறியிறங்கும். இத்தகைய பாடல்களுக்குக் கட்டத்தைக் கையால் திருத்த வேண்டும்.

சுருதிப் பொருத்தத்துக்குக் கேமலட் சக்கரம் பயன்படுகிறது. 12 மேஜர், 12 மைனர் என 24 சுருதிகளுக்கு 1 முதல் 12 வரை எண்கள் இடப்பட்டுள்ளன. ஒரே எண்ணோ அடுத்தடுத்த எண்ணோ கொண்ட பாடல்கள் இயல்பாக இணையும். எனினும் இராகம் தழுவிய பாடல்களில் இறுதி முடிவு செவியைச் சார்ந்ததே.

காப்பும் சட்டமும்

மூன்று படிகள், இரு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது பரவலாக ஏற்கப்பட்ட காப்பு விதி. நிகழ்ச்சிக்கு எடுத்துச் செல்லும் பென்டிரைவை எஃப்ஏடி32 வடிவில் அமைப்பது பழைய இயக்கிகளுக்கும் ஏற்றது. முறைப்படி வெளியேற்றாமல் பிடுங்கினால் அதிலுள்ள தரவுத்தளம் சிதையக்கூடும்.

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி இயக்கத் தடை உள்ளது. குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல் ஆகும். பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆவது பிரிவு, திருமண ஊர்வலத்துக்கும் திருமணம் சார்ந்த சமூக விழாக்களுக்கும் விலக்கு அளிக்கிறது. மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறையும் 2023 ஜூலையில் இதனைத் தெளிவுபடுத்தியது. கட்டணம் வாங்கி நடத்தப்படும் புத்தாண்டுக் கொண்டாட்டம் போன்ற வணிக நிகழ்ச்சிகளுக்கு இவ்விலக்கு பொருந்தாது. அவற்றுக்கு உரிமம் பெறுவது அவசியம்.