குடியரசுக் கட்சியில் மிதவாதிகள் – சமயப் பழமைவாதிகள் பிளவு (ஐக்கிய அமெரிக்கா)

மிதவாதிகள் – சமயப் பழமைவாதிகள் பிளவு என்பது ஐக்கிய அமெரிக்காவின் இரு பெரும் அரசியல் கட்சிகளுள் ஒன்றான குடியரசுக் கட்சிக்குள் 1970களில் இருந்து நிலவி வரும் கொள்கை வேறுபாட்டைக் குறிக்கும். கருக்கலைப்பு, பெண்களுக்கான சம உரிமைச் சட்டத்திருத்தம், ஒருபாலினத் திருமணம், குருத்தணு ஆய்வு போன்றவற்றில் அரசு சமய ஒழுக்கநெறியின் அடிப்படையில் சட்டம் இயற்றலாமா, அல்லது அவற்றைத் தனிமனிதரின் முடிவுக்கு விட்டுவிட வேண்டுமா என்பதே இவ்வேறுபாட்டின் மையக் கேள்வி ஆகும். வரி, வணிகம், பாதுகாப்பு போன்றவற்றில் இரு தரப்பினரும் பெரும்பாலும் ஒத்த கருத்து உடையவர்களாக இருந்ததால், கட்சி உடையாமலேயே இப்பிளவு பல பத்தாண்டுகள் நீடித்தது.

இரு தரப்பினர்

மிதவாதிகள் நியூயோர்க், நியூ செர்சி, பென்சில்வேனியா, நியூ இங்கிலாந்து ஆகிய வடகிழக்குப் பகுதிகளில் வலுவாக இருந்தனர். நியூயோர்க் ஆளுநர் நெல்சன் ராக்கஃபெல்லரின் பெயரால் இவர்கள் "ராக்கஃபெல்லர் குடியரசுக் கட்சியினர்" என்றும் அழைக்கப்பட்டனர். வணிகத்துக்கு ஆதரவு, குடியுரிமைச் சட்டங்களுக்கு ஆதரவு, தனிவாழ்வில் அரசு தலையிடாமை ஆகியவை இவர்களின் பொதுவான நிலைப்பாடுகள்.

சமயப் பழமைவாதிகள் தென் மாநிலங்களிலும் நடுமேற்கு மாநிலங்களிலும் வலுவானவர்கள். இவாஞ்சலிக்கல் புரொட்டஸ்தாந்தர், பழமைவாதக் கத்தோலிக்கர், மோர்மன் திருச்சபையினர் ஆகியோர் இத்தரப்பில் அடங்குவர். கருவில் உள்ள உயிரைக் காப்பதும் குடும்ப அமைப்பைப் பேணுவதும் அரசின் கடமை என்பது இவர்களின் அடிப்படை நம்பிக்கை ஆகும். கருக்கலைப்பு ஓர் உயிரைப் பறிக்கும் செயல் என்று கருதுவதால், அதனைத் தனிமனித விருப்பம் என்று ஏற்க இவர்களால் இயலாது.

இப்பிளவைச் சமயப் பற்றாளர்களுக்கும் சமயப் பற்று அற்றவர்களுக்கும் இடையிலான பிளவாகக் கொள்வது பொருந்தாது. மிதவாதிகள் சார்பில் குரல் கொடுத்தவர்களுள் முக்கியமானவரான ஜான் டான்ஃபோர்த், மிசூரி மாநிலத்தின் முன்னாள் மேலவை உறுப்பினர் மட்டுமன்றி எப்பிசுக்கோப்பல் திருச்சபையின் குருவும் ஆவார்.

பின்னணி

1960களில் கருக்கலைப்பு கட்சி சார்ந்த சிக்கலாக இருக்கவில்லை. பின்னாளில் சமயப் பழமைவாதிகளின் நாயகராக விளங்கிய ரொனால்ட் ரேகன், கலிபோர்னியா ஆளுநராக இருந்தபோது 1967-இல் கருக்கலைப்புக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார். ராக்கஃபெல்லர் 1970-இல் நியூயோர்க்கில் அதனினும் தாராளமான சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தார். 1972-இல் அச்சட்டத்தை நீக்க மாநிலச் சட்டமன்றம் முனைந்தபோது அதனைத் தடுத்தவரும் அவரே.

1973 சனவரி 22 அன்று, ரோ எதிர் வேட் வழக்கில் கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் 7–2 என்ற கணக்கில் நிலைநாட்டியது. பெரும்பான்மைத் தீர்ப்பில் இணைந்த எழுவருள் ஐவர் குடியரசுக் கட்சித் தலைவர்களால் நியமிக்கப்பட்டவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. தீர்ப்பை எழுதிய ஆரி பிளாக்மன், ரிச்சர்ட் நிக்சனால் நியமிக்கப்பட்டவர் ஆவார்.

இத்தீர்ப்புக்கு முதலில் கடும் எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் கத்தோலிக்கர்களே. இவாஞ்சலிக்கல் சபையினர் பெருமளவில் அரசியலுக்கு வந்தது சில ஆண்டுகளுக்குப் பின்னரே ஆகும். இனப்பாகுபாடு காட்டிய தனியார் கிறித்தவக் கல்வி நிறுவனங்களின் வரிவிலக்கை நடுவண் அரசு நீக்க முற்பட்டதே அவர்களை ஒன்றுதிரட்டிய முதற் காரணம் எனச் சில வரலாற்றாளர்கள் வாதிடுகின்றனர். கருக்கலைப்பும் பள்ளிகளில் இறைவேண்டல் தடையுமே காரணம் என்பது இயக்கத்தினரின் விளக்கம். இதற்கிடையே, பில்லிஸ் ஷ்லாஃப்லி என்ற கத்தோலிக்கப் பெண்மணி 1972-இல் சம உரிமைச் சட்டத்திருத்தத்துக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கி, வெவ்வேறு சபைகளைச் சேர்ந்த பெண்களை ஓரணியில் திரட்டினார். 1979-இல் வர்ஜீனியாவைச் சேர்ந்த போதகர் ஜெரி ஃபால்வெல் "மாரல் மெஜாரிட்டி" என்னும் அமைப்பை நிறுவினார்.

கொள்கை அறிக்கையில் பிளவு

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் கட்சி மாநாட்டில் வெளியிடப்படும் கொள்கை அறிக்கை வேட்பாளரைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. எனினும், கட்சிக்குள் எத்தரப்பின் கை ஓங்கியுள்ளது என்பதை அறிய அதுவே சிறந்த அளவுகோல் எனலாம்.

- 1976: கருக்கலைப்பு முதன்முறையாக அறிக்கையில் இடம்பெற்றது. கட்சியினரிடையே இதில் மாறுபட்ட கருத்துகள் உள்ளன என்பதை ஒப்புக்கொண்ட அறிக்கை, கருவின் உயிரைக் காக்கும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு முயல்வோரை ஆதரித்தது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்ட், ரோ தீர்ப்பை வெளிப்படையாக வரவேற்றவர்.
- 1980: அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கட்சி தன் ஆதரவை உறுதி செய்தது. 1940 முதல் அறிக்கையில் இருந்துவந்த சம உரிமைச் சட்டத்திருத்த ஆதரவு நீக்கப்பட்டது. இதனை எதிர்த்த கட்சித் தேசியக் குழுவின் இணைத்தலைவர் மேரி கிரிஸ்ப், தனித்துப் போட்டியிட்ட மிதவாதி ஜான் ஆண்டர்சனின் அணிக்குச் சென்றார். ஆண்டர்சன் சுமார் 6.6% வாக்குகள் பெற்றார்.
- 1984: பிறவாத குழந்தைக்கு அடிப்படை வாழ்வுரிமை உண்டு என்றும், அரசியலமைப்பின் 14-ஆவது திருத்தத்தின் பாதுகாப்பு அதற்கும் பொருந்தும் என்றும் அறிக்கை கூறியது.
- 1996: வேட்பாளர் பாப் டோல், மாறுபட்ட கருத்துடையோரைச் சகித்துக்கொள்ளும் வாசகம் ஒன்றைச் சேர்க்க விரும்பினார். அறிக்கைக் குழு அதனை ஏற்கவில்லை. மிதவாதிகளின் தோல்வியுற்ற திருத்தங்கள் பின்னிணைப்பாக மட்டும் அச்சிடப்பட்டன. தாம் அறிக்கையைப் படிக்கவில்லை என்று டோல் கூறியது அப்போது பெரிதும் பேசப்பட்டது.
- 2004: நியூயோர்க் மாநாட்டு மேடையில் ரூடி ஜூலியானி, ஆர்னல்ட் சுவார்செனேகர் போன்ற மிதவாதிகள் முன்னிறுத்தப்பட்டனர். அறிக்கை சமயப் பழமைவாதிகளின் விருப்பப்படியே அமைந்தது.

முக்கிய மோதல்கள்

1981-இல் ரேகன், உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகச் சாண்ட்ரா டே ஓ'கானரை முன்மொழிந்தார். அரிசோனா சட்டமன்றத்தில் அவர் கருக்கலைப்புத் தொடர்பாக அளித்த வாக்குகளைச் சுட்டிக்காட்டி ஃபால்வெல் உள்ளிட்டோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். இவர்களுக்கு எதிராகக் கடுமையாகப் பேசியவர் பாரி கோல்ட்வாட்டர் ஆவார். 1964-இல் ராக்கஃபெல்லரைத் தோற்கடித்துக் கட்சியின் வேட்பாளரான இவர் மிதவாதி அல்லர். புதிய பழமைவாதத்தின் முன்னோடியாகக் கருதப்படுபவர். எனினும், அரசு குறுக்கீட்டை எதிர்க்கும் தம் கொள்கை தனிவாழ்வுக்கும் பொருந்தும் என்பதால், சமய அமைப்புகள் அரசியல்வாதிகளுக்குக் கட்டளையிடுவதை அவர் ஏற்கவில்லை. ஓ'கானரின் நியமனம் 99–0 என்ற கணக்கில் மேலவையில் நிறைவேறியது.

1988-இல் தொலைக்காட்சிப் போதகர் பாட் ராபர்ட்சன் வேட்பாளர் போட்டியில் இறங்கி, அயோவாவில் அப்போதைய துணைத் தலைவர் மூத்த ஜார்ஜ் புஷ்ஷை முந்தி இரண்டாம் இடம் பெற்றார். மறு ஆண்டு அவர் நிறுவிய "கிறிஸ்டியன் கோயலிசன்" அமைப்பு, கீழ்மட்டக் கட்சிக் குழுக்களில் தன் ஆதரவாளர்களை அமர்த்துவதில் கவனம் செலுத்தியது. 1992-இல் ஹியூஸ்டன் மாநாட்டில் பாட் புக்கானன், நாட்டில் பண்பாட்டுப் போர் நடப்பதாக ஆற்றிய உரை மிதவாதிகளைக் கலங்கச் செய்தது. அவ்வாண்டுத் தேர்தலில் புஷ் தோற்றார்.

2000-ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஜான் மெக்கெய்ன், ஃபால்வெல்லையும் ராபர்ட்சனையும் சகிப்பின்மையின் முகவர்கள் எனச் சாடினார். மறுநாள் வர்ஜீனியாவில் அவர் தோல்வியுற்றார். 2006-இல் அதே மெக்கெய்ன் ஃபால்வெல்லின் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் உரையாற்றினார். 2008-இல் சமயப் பழமைவாதிகள் விரும்பிய சாரா பேலினைத் துணைத் தலைவர் வேட்பாளராகத் தேர்ந்தார்.

2005-இல், மூளைச் சேதமுற்றுப் பல ஆண்டுகள் நினைவிழந்து கிடந்த டெரி சியாவோ என்ற பெண்ணின் உணவுக்குழாயை அகற்றுவது தொடர்பான குடும்ப வழக்கில் தலையிட நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. கட்சி ஒரு சமய இயக்கத்தின் அரசியல் கருவியாகிவிட்டது என்று டான்ஃபோர்த் அவ்வாண்டு நியூயோர்க் டைம்ஸ் இதழில் எழுதினார். முன்னாள் நியூ செர்சி ஆளுநர் கிறிஸ்டின் டாட் விட்மன், இது தம்முடைய கட்சியும்கூட என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். 2006-இல் கருமுளைக் குருத்தணு ஆய்வுக்கான நிதியை விரிவாக்கும் சட்டவரைவை இளைய ஜார்ஜ் புஷ் தம் முதல் தடுப்பாணையால் நிறுத்தினார். அவ்வரைவைக் கீழவையில் முன்மொழிந்தவர்களுள் ஒருவர் அவர் கட்சியைச் சேர்ந்த மைக் காசில் ஆவார்.

மிதவாதிகளின் வீழ்ச்சி

பொதுத்தேர்தலுக்கு முன் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடைபெறும் பிரைமரி தேர்தலே மிதவாதிகளின் வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணம் எனலாம். இதில் வாக்களிப்போர் தொகை குறைவு. எனவே, தேவாலயங்கள் வழியாக நன்கு திரட்டப்பட்ட ஒரு பிரிவு, தன் எண்ணிக்கையை மிஞ்சிய செல்வாக்குப் பெறுகிறது. பொதுத்தேர்தலில் எளிதில் வெல்லக்கூடிய மிதவாதி, பிரைமரியைத் தாண்ட முடியாத நிலை உருவானது. 2010-இல் மைக் காசில் டெலவேரில் இவ்வாறே தோற்றார். அவரை வென்ற கிறிஸ்டின் ஓ'டொனல் பொதுத்தேர்தலில் மக்களாட்சிக் கட்சியிடம் தோற்றார்.

இரண்டாவது காரணம் புவியியல் சார்ந்தது. தென் மாநிலங்கள் குடியரசுக் கட்சியின் கோட்டையாக மாறியபோது, வடகிழக்கு மாநிலங்கள் கையை விட்டுச் சென்றன. அங்கு மிதவாதிகளைத் தோற்கடித்தவர்கள் பெரும்பாலும் மக்களாட்சிக் கட்சியினரே. 2008 தேர்தலுக்குப் பின் நியூ இங்கிலாந்தின் ஆறு மாநிலங்களில் இருந்து கீழவைக்குக் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர்கூடத் தேர்வாகவில்லை.

கட்சியை விட்டு விலகியோரும் உளர். வெர்மான்ட்டின் ஜிம் ஜெஃபர்ட்ஸ் 2001-இலும், ரோட் ஐலண்டின் லிங்கன் சாஃபி 2007-இலும், பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர் 2009-இலும் விலகினர். ஒவ்வொரு விலகலும் எஞ்சிய மிதவாதிகளை மேலும் வலுவிழக்கச் செய்தது.

நீதிமன்றமும் பிளவின் திருப்பமும்

தேர்தல்களில் வென்றும் ரோ தீர்ப்பை மாற்ற இயலாதது சமயப் பழமைவாதிகளின் நீண்டகாலக் குறையாக இருந்தது. 1992-இல் கேசி வழக்கில் அத்தீர்ப்பின் மையக்கருத்தைக் காத்த கூட்டுத் தீர்ப்பை எழுதிய ஓ'கானர், அந்தோணி கென்னடி, டேவிட் சூட்டர் ஆகிய மூவரும் குடியரசுக் கட்சித் தலைவர்களால் நியமிக்கப்பட்டவர்களே. அதன்பின் நீதிபதிகளின் கருத்தியலை முன்கூட்டியே ஆராய்வதில் அவர்கள் மிகுந்த கவனம் கொண்டனர். 2005-இல் ஓ'கானர் ஓய்வை அறிவித்தபோது, புஷ் முன்மொழிந்த ஹேரியட் மையர்ஸ் கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பால் விலகினார். அவ்விடத்துக்குச் சாமுவேல் அலிட்டோ வந்தார்.

1999-இல் தம்மைக் கருக்கலைப்பு உரிமையின் ஆதரவாளர் என்று கூறிக்கொண்ட டோனால்ட் டிரம்ப், 2016-இல் நீதிபதிகளுக்கான பெயர்ப் பட்டியலை வெளியிட்டுச் சமயப் பழமைவாதிகளின் ஆதரவைப் பெற்றார். அவர் நியமித்த மூவரும் இணைந்த அமர்வு, 2022 சூன் 24 அன்று டாப்ஸ் வழக்கில் ரோ தீர்ப்பை நீக்கியது. தீர்ப்பை எழுதியவர் அலிட்டோ.

இவ்வெற்றி பிளவை முடிவுக்குக் கொண்டுவரவில்லை. ரோ தீர்ப்பு நடைமுறையில் இருந்தவரை, கட்சி முழுத்தடையை ஆதரிப்பதால் நடைமுறை விளைவு அதிகம் இருக்கவில்லை. அதனால் மிதப்போக்குடைய வாக்காளர்களும் கட்சியோடு இருக்க முடிந்தது. தீர்ப்புக்குப் பின் சட்டங்கள் உண்மையாகவே நடைமுறைக்கு வந்தன. 2022 ஆகத்து மாதம், குடியரசுக் கட்சிக்கு வலுவான கேன்சஸ் மாநிலத்தில், கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை ஏறத்தாழ 59% வாக்காளர்கள் நிராகரித்தனர். 2023-இல் ஒகையோ வாக்காளர்கள் அவ்வுரிமையை மாநில அரசியலமைப்பில் சேர்த்தனர். அதேவேளை 2024-இல் தென் டகோட்டா, நெப்ராஸ்கா ஆகிய மாநிலங்களில் இத்தகைய முயற்சிகள் தோற்றன. புளோரிடாவில் ஏறத்தாழ 57% ஆதரவு கிடைத்தும், தேவையான 60% எட்டப்படாததால் திருத்தம் நிறைவேறவில்லை.

2024 மில்வாக்கி மாநாட்டின் கொள்கை அறிக்கை, பல பத்தாண்டுகளாக இருந்துவந்த அரசியலமைப்புத் திருத்தக் கோரிக்கையைக் கைவிட்டுச் சட்டமியற்றும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. கருத்தடைக்கும் செயற்கைக் கருத்தரிப்புக்கும் ஆதரவு தெரிவித்தது. திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது என்ற வரையறையும் அதில் இல்லை. முன்னாள் துணைத் தலைவர் மைக் பென்ஸ் இம்மாற்றத்தைக் கண்டித்தார். இதனைச் செய்தவர்கள் பழைய மிதவாதிகள் அல்லர். டிரம்பின் தேர்தல் கணக்கே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. 1976-இல் மிதவாதிகள் தம் மாறுபட்ட கருத்துக்கு அறிக்கையில் ஒரு வரியாவது பெற முடிந்தது. 2024-இல், தம் மிகப்பெரும் வெற்றிக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், சமயப் பழமைவாதிகள் தாம் நாற்பது ஆண்டுகள் காத்த வாசகத்தை இழந்தனர்.

இவற்றையும் பார்க்க

- குடியரசுக் கட்சி (ஐக்கிய அமெரிக்கா)
- மக்களாட்சிக் கட்சி (ஐக்கிய அமெரிக்கா)
- ரோ எதிர் வேட்
- பாரி கோல்ட்வாட்டர்
- ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம்