45 மில்லிமீட்டரில் ஒரு செங்கோட்டை வண்டி

ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை அமைந்த வீரகேரளம்புதூருக்கு ரயில் வந்ததில்லை. ஹிருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் அண்ணாமலை ரெட்டியார் வாழ்ந்த காலத்தில் தென்காசிச் சீமையிலேயே ரயில் கிடையாது. ரெட்டியார் 1891இல் மறைந்தார். திருநெல்வேலியிலிருந்து புறப்பட்ட தண்டவாளம் செங்கோட்டையைத் தொட்டது 1903இல். அது பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்குப் போய்விட்டது. 1927இல் விருதுநகரிலிருந்து வந்த இன்னொரு பாதை கடையநல்லூர் வழியே இறங்கிற்று. இரண்டுக்கும் இடையில் காவடிச்சிந்தின் ஊர் தன் வயல்களோடும் தென்னந்தோப்புகளோடும் இருந்துகொண்டது.

ரயில் வராத ஊருக்கு ரயிலைக் கொண்டுவர அரசாணை வேண்டாத வழி ஒன்று உண்டு. அதைத் தோட்டத்தில் போட்டுக்கொள்ளலாம். சொன்னால் சிரிப்பு வருகிறது. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நூறாண்டுக்கும் மேலாகப் பெரியவர்கள் இதைச் செய்துவருகிறார்கள். மேஜை மேல் ஓடும் சிறு பொம்மை ரயிலைக் குறித்து நாம் இங்கே பேசவில்லை. மண்ணில் அடித்தளம் இட்டு, ஜல்லி கொட்டி, மழையிலும் வெயிலிலும் கிடக்கும் தண்டவாளத்தில், செடிகளுக்கு நடுவே ஓடும் பெரிய அளவு மாதிரி ரயிலையே குறிப்பிடுகிறோம். இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைப் புரட்டும்போது, எதிர்பாராத ஒரு வளைவில் நம்முடைய செங்கோட்டைப் பாதை கண்ணில் படுகிறது. இக்கட்டுரை எழுதக் காரணம் அதுவே.

மாதிரி ரயிலுக்கு அளவு ஒழுங்கு வந்தது ஜெர்மனியில். மெர்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் வரையறுத்த அகலங்களோடு தண்டவாளங்களைக் காட்சிக்கு வைத்தது. அதற்கு முன் ஒருவர் வாங்கிய வண்டி இன்னொருவர் தண்டவாளத்தில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்த வரிசையில் முதலாம் எண் பெற்ற அகலம் இன்று 45 மில்லிமீட்டர் எனக் கொள்ளப்படுகிறது. இங்கிலாந்தில் நார்த்தாம்ப்டன் நகரத்து பாசெட்-லோக் 1899இல் தொழில் தொடங்கி, ஜெர்மானியத் தொழிற்சாலைகளைக் கொண்டு ஆங்கில எஞ்சின்களின் மாதிரிகளைச் செய்வித்து விற்றார். விலை மிகுதி. ஆகவே வாங்கியவர்கள் தோட்டமும் தோட்டக்காரரும் உடையவர்கள்.

உடைமை என்று வந்தால் நம் மன்னர்கள் பின்தங்குவார்களா? குவாலியர் மகாராஜா மாதவ ராவ் சிந்தியாவின் ஜெய் விலாஸ் அரண்மனையில், விருந்து மேஜையின் மீது வெள்ளி ரயில் ஒன்று பானக் குப்பிகளையும் சுருட்டுகளையும் சுமந்துகொண்டு விருந்தினரைச் சுற்றிவரும். குப்பியைத் தூக்கினால் வண்டி நிற்கும், வைத்தால் நகரும். இது பலரும் அறிந்த கதை. அவ்வளவாகப் பேசப்படாதது இன்னொன்று. அதே மகாராஜா 1890களில் தம் விருப்பத்துக்காகத் தொடங்கிய இரண்டடி அகலத் தண்டவாளமே வளர்ந்து குவாலியர் லைட் ரயில்வே ஆயிற்று. ஷியோபூர் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீண்டு, சாதாரண மக்களைக் கூரை மீதும் ஏற்றிக்கொண்டு, 2020 வரை அது ஓடியது. அவருடைய பேரர் 1986 முதல் 1989 வரை இந்திய ரயில்வே அமைச்சராக இருந்ததை விதியின் குறும்பு என்பதா, குடும்ப மரபு என்பதா?

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி 1950இல் தம் வீட்டுப் பின்புறத்தில் ஏழேகால் அங்குல அகலத்தில், அரை மைல் நீளத்துக்குப் பாதை போட்டு, நீராவி எஞ்சினின் பின்னே தாமே அமர்ந்து ஓட்டினார். மனைவியின் பூப்பாத்தியைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக அதன் அடியில் குகை வெட்டினார். அங்கே பிடித்த ரயில் பித்துதான் 1955இல் திறந்த டிஸ்னிலாந்தைச் சுற்றியும் ஒரு ரயிலை ஓடவிட்டது. மனைவியின் பூப்பாத்தியோ மாமனாரின் வாழைத்தோட்டமோ, இந்தப் பொழுதுபோக்கின் முதல் நில எடுப்புப் பேச்சுவார்த்தை வீட்டுக்குள்தான் நடக்கிறது.

இவையெல்லாம் செல்வந்தர் கதைகள். நடுத்தரக் குடும்பத்தின் தோட்டத்துக்கு ரயிலைக் கொண்டுவந்தது 1968. தகர விளையாட்டுப் பொருள்களுக்குப் பேர்பெற்ற பழைய லேமன் நிறுவனம், நியூரம்பர்கிலிருந்து எல்ஜிபி என்ற பெயரில் மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும் மாதிரி ரயிலை வெளியிட்டது. தண்டவாளத்துக்குப் பழைய 45 மில்லிமீட்டர் அகலத்தையே எடுத்துக்கொண்டது. ஆனால் அளவு வேறு. அதே அகலத்தில் 32இல் ஒரு பங்காகச் சுருக்கினால் வருவது ஐரோப்பாவின் பெரிய ரயில். லேமன் எடுத்துக்கொண்ட அளவு இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. அதன்படி 45 மில்லிமீட்டர் என்பது ஒரு மீட்டர். அதாவது மீட்டர் கேஜ்.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 1000 மில்லிமீட்டரை 22.5ஆல் வகுத்தால் 44.4. அரை மில்லிமீட்டர் தவறு, அதைப் பொறுத்துக்கொள்ளலாம். (அந்நிறுவனத்தின் முதல் எஞ்சினான ஸ்டைன்ஸின் மூலம் 760 மில்லிமீட்டர் பாதையில் ஓடிய ஆஸ்திரிய எஞ்சின் என்பது வேறு கதை. தோட்ட ரயிலார் அளவு விஷயத்தில் முழுச் சைவர்கள் அல்லர்.) உலகெங்கும் ஆயிரக்கணக்கான தோட்டங்களில் கிடக்கும் தண்டவாளம், நாம் சிறுவயதில் காலால் தாண்டிய அந்த மீட்டர் கேஜ் பாதையின் சரியான சுருக்கம் என்பதை அறிந்தபோது நமக்கு ஏற்பட்ட உணர்ச்சியை மகிழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

ஏனெனில் அந்தத் தோட்டங்களில் மிகுதியாக ஓடும் வண்டிகளுள் ஒன்று சுவிட்சர்லாந்தின் ரேட்டிய ரயில்வேயின் சிவப்பு வண்டி. அதன் ஆல்புலா பாதை 1903இல் பெரும்பகுதி திறந்து, 1904இல் சென்ட் மோரிட்ஸ் நகரை எட்டியது. நம் செங்கோட்டைப் பாதையின் ஆண்டுகளும் அவையே. செங்கோட்டை வரை 1903. மலையைக் கடந்து கொல்லம் வரை முழுவதும் திறந்தது 1904 நவம்பர். இரண்டும் மீட்டர் கேஜ், இரண்டும் மலைப்பாதை, இரண்டிலும் குகைகள், இரண்டிலும் கல்வளைவுப் பாலம். அங்கே லாண்ட்வாசர் பாலத்துக்கு ஆறு வளைவுகள். இங்கே கழுதுருட்டியில் பதின்மூன்று கண்கள். ஆல்புலா 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. 2010 செப்டம்பரில் செங்கோட்டை – புனலூர் மீட்டர் கேஜ் பாதை மூடப்பட்டது. அகலப்பாதையாக முழுவதும் திறந்தது 2018இல். தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் இன்று நீலகிரி மலை ரயிலில் மட்டுமே எஞ்சியுள்ளது. அதுவும் 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றதுதான்.

அகலப்பாதை வந்ததைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. கொல்லத்துக்கும் சென்னைக்கும் நேர் வண்டி கேட்டவர்கள் நியாயமாகவே கேட்டார்கள். பதின்மூன்று கண் பாலமும் இடிக்கப்படவில்லை. வலுப்படுத்தப்பட்டு இன்றும் வண்டியைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் ஒன்று போயிற்று. பகவதிபுரம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், வண்டியின் முன்னால் ஓர் எஞ்சின் இழுக்கப் பின்னால் ஓர் எஞ்சின் தள்ளும். முன்னது ஊதினால் பின்னது பதில் ஊதும். நடுப்பெட்டியில் இருந்தவர்களுக்கு இரண்டும் கேட்கும். ஆரியங்காவுக்கு முந்திய நீண்ட குகைக்குள் நுழையும்போது பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். வெளியே வந்தால் வேறு மாநிலம், வேறு மழை. அந்தக் கூச்சலுக்கு அளவுச் சுருக்கம் உண்டோ, தெரியாது. பாதைக்கும் பெட்டிக்கும் பாலத்துக்கும் உண்டு.

செங்கோட்டையிலிருந்து புனலூர் 49 கிலோமீட்டர். இருபத்திரண்டரையில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வரும். எந்த ஜமீனும் இன்று அவ்வளவு தோட்டம் வைத்திருக்கவில்லை. எனவே தேர்ந்துகொள்ள வேண்டும். ஒரு குகை வாய், ஒரு நிலையம், ஒரு பாலம். ஏறத்தாழ 100 மீட்டர் நீளப் பாலம் தோட்டத்தில் நாலரை மீட்டராகும். ஒரு வேலி ஓரத்துக்குப் போதும். மீட்டர் கேஜ் பயணிகள் பெட்டி ஏறத்தாழ பத்தொன்பதரை மீட்டர். சுருங்கினால் 87 சென்டிமீட்டர். அத்தகைய ஐந்து பெட்டிகளையும் இரண்டு எஞ்சின்களையும் சேர்த்தால் வண்டியே பாலத்தைவிட நீளம். வளைவுதான் பெரிய சிக்கல். ரயில்வே கணக்கில் 10 பாகை வளைவு என்றால் ஆரம் 175 மீட்டர். தோட்டத்தில் அது 7.8 மீட்டர். கடைகளில் விற்கும் பொம்மைத் தண்டவாளத்தின் வளைவோ 60 சென்டிமீட்டர் ஆரம். அதில் நம் பெட்டி திரும்பவே திரும்பாது. ஒன்று, தோப்பு வேண்டும். அல்லது பெட்டியின் நீளத்தைக் குறைத்து மனசாட்சியைக் கொஞ்சம் வளைக்க வேண்டும். உலகெங்கும் தோட்ட ரயிலார் இரண்டாவதையே செய்கிறார்கள்.

பிறகு மண். அங்கே அவர்களுக்குப் பனி உறைந்து அடித்தளம் எழும்பும் என்ற கவலை. இங்கே நமக்கு வெயில். பத்து மீட்டர் பித்தளைத் தண்டவாளம், வெப்பம் 30 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீளும். இணைப்புகளில் இடைவெளி விடாவிட்டால் பாம்பாக நெளியும். மரக் கட்டைகளைக் கறையான் தின்னும் என்பதால் பிளாஸ்டிக் கட்டைகளே கதி. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் இந்தப் பக்கம் வரை தூறும்போது ஈரத் தண்டவாளத்தில் மின்சாரம் ஒழுங்காக ஏறாது. அதனால் இக்காலத்தில் எஞ்சினுக்குள்ளேயே பேட்டரி வைத்து, தொலைவிலிருந்து இயக்குகிறார்கள். தென்னை மட்டை விழுவதற்கு மட்டும் எந்த நாட்டு நூலிலும் பரிகாரம் இல்லை.

செடிகளைத் தேர்வதில்தான் உண்மையான இன்பம். முதிர்ந்த தேக்கிலை முக்கால் முழம் நீளம். அதைச் சுருக்கினால் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர். துளசியிலை கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆகவே ஆரியங்காவுத் தேக்கங்காட்டுக்கு ஒரு வரிசைத் துளசி. மலைச்சரிவின் புதர்களுக்குப் பொடுதலை. அது படர்ந்து மண்ணையும் பிடித்துக்கொள்ளும். அறுகம்புல் ஈற்றைக் காடாகும். வாரம் ஒருமுறை நுனி கிள்ளவில்லையென்றால் காடு ரயிலை விழுங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் கேங்மேன்கள் நூறாண்டு செய்த வேலை அதுதான். பிராணிகளை மட்டும் சுருக்க முடியாது. தண்டவாளத்தில் அணில் உட்கார்ந்தால் யானை வழிமறித்த கதை. இப்போது ஊர்ப்புறமெங்கும் பெருகிவிட்ட மயில் ஒன்று நிலையத்துக்குள் வந்து நின்றால் பயணிகளின் கதி என்ன? பாலம் கட்டுபவர் மயிலையும் கணக்கில் சேர்த்துக் கட்ட வேண்டும்.

எஞ்சின் வாங்குவது எளிதன்று. தோட்ட அளவில் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை ஜெர்மன், சுவிஸ், அமெரிக்க வண்டிகள். பெரிய எஞ்சின் ஒன்றின் விலை நம் ஊரில் ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்கு நிகர். நம் ஒய்பி நீராவி எஞ்சினும் ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினும் வேண்டுமென்றால் கையால் செய்துகொள்ள வேண்டியதுதான். எந்திரத்தையும் சக்கரத்தையும் வாங்கி, மேற்கூட்டை மட்டும் செய்வோர் பல நாடுகளில் உண்டு. பட்டறை வேலையும் கொல்லு வேலையும் தெரிந்த கைகளுக்குத் தென்காசிப் பக்கத்தில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை. கொல்லம் – புனலூர்ப் பகுதியில் வண்டி ஓடத் தொடங்கிய காலத்தில் மலைக் குகைகள் முடிந்திருக்கவில்லை. எஞ்சினைப் பாகம் பாகமாகக் கழற்றித் தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொல்லத்துக்கு அனுப்பி, அங்கே பூட்டினார்கள். அந்தப் பாதையின் முதல் எஞ்சினே பூட்டிச் சேர்த்த எஞ்சின்தான்.

செய்ய முனைபவருக்கு முதலில் தேவைப்படுவது அளவு. குகை வாயின் உயரம், பாலத்துத் தூணின் அகலம், பழைய நிலையக் கட்டடத்தின் ஓட்டுச் சரிவு, நடைமேடைக் கல்லின் பருமன். அகலப்பாதைக்காக எத்தனையோ இடங்களில் பழையவை மாற்றப்பட்டுவிட்டன. எஞ்சியவை ஓரங்களில் புதர் மண்டிக் கிடக்கின்றன. ஐரோப்பியத் தோட்ட ரயிலாரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. மூடப்படவிருக்கும் சிறு பாதைகளுக்கு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு போய், கூரை ஓட்டை எண்ணி, கதவை அளந்து, வரைந்து வைப்பார்கள். பல பாதைகள் இன்று முழுமையாக எஞ்சியிருப்பது அந்த நோட்டுகளில்தான்.

பாவூர்சத்திரத்திலிருந்து ஏறினால் செங்கோட்டை தூரமில்லை. நாடாவுக்கு முப்பது மீட்டர் போதும். அளக்கும்போது ரயில்வே ஊழியரிடம் சொல்லிவிட்டு, தண்டவாளத்தை விட்டு விலகி நின்று அளக்க வேண்டும். சாரல் தொடங்குவதற்கு முன் போய்வருவது நல்லது. நனைந்த நோட்டில் எண்கள் கலங்கிவிடும்.