'நூப்' எங்கிருந்து வந்தது?

கேம் விளையாடும் எங்களில் "நூப்" என்று பேச்சு வாங்காத ஆளே இருக்க முடியாது. பப்ஜியில் குதித்திறங்கித் துவக்கு ஒன்றைத் தேடி எடுக்கிறதுக்குள்ள செத்துப்போனால் போதும், ஸ்குவாட்டில் ஒருத்தன் மைக்கில் சொல்லிவிடுவான்.

ஆனால் இந்தச் சொல்லின் வேர் கேமை விடப் பழையது. 'நியூபி' என்ற ஆங்கிலப் பேச்சுவழக்கிலிருந்து வந்தது அது. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் களத்துக்குப் புதிதாக வந்தவனை 'நியூபி' என்றார்கள். அந்தச் சொல்லில் நக்கலும் இருந்தது, பயமும் இருந்தது. அனுபவமில்லாதவன் விடுகிற பிழையில் பக்கத்தில் நிற்கிறவனும் சாகலாம்.

1980களில் அந்தச் சொல் யூஸ்நெட் என்ற இணைய உரையாடல் வலையமைப்புக்கு வந்தது. அதைப் பாவித்தவர்களில் பெரும்பாலானோர் பல்கலைக்கழகத்துக்காரர். ஒவ்வொரு செப்டெம்பரும் புது மாணவர்கள் வந்து குழப்புவார்கள். பழையவர்கள் எரிச்சல்பட்டாலும் நடைமுறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். புதியவர்கள் வாசிப்பதற்கென்றே தனிக் குழுவும் இருந்தது. கொஞ்ச நாளில் எல்லாரும் பழகிவிடுவார்கள்.

1993இலிருந்து ஏஓஎல் போன்ற கம்பனிகளின் வாடிக்கையாளர்களும் உள்ளே வரத் தொடங்கினார்கள். வந்தவர்களின் தொகைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் காணாது. அந்த செப்டெம்பர் முடியவே இல்லை என்று பழையவர்கள் அலுத்துக்கொண்டார்கள். 'முடிவில்லாத செப்டெம்பர்' என்ற பெயர் இன்றைக்கும் நிலைத்திருக்கிறது.

இதே காலத்தில், எழுத்துகளுக்குப் பதிலாக இலக்கங்களைப் போட்டு எழுதும் 'லீட்' என்ற பாணியும் பரவியிருந்தது. அதில் 'நூப்' என்ற சொல்லின் நடுவில் இரண்டு பூச்சியங்கள் வந்து உட்கார்ந்தன. கவுண்டர்-ஸ்ட்ரைக் மாதிரியான கேம்களின் சாட்டில் அது வசவாகவே மாறியது. பிறகு வீரர்களே ஒரு வித்தியாசம் சொன்னார்கள்: நியூபி என்றால் தெரியாதவன், கற்றுக்கொள்ள விரும்புகிறவன், நூப் என்றால் தெரியாமலே இருந்துகொண்டு கற்றுக்கொள்ளவும் மறுக்கிறவன்.

எங்கட கைக்கு வரும்போது அந்த வித்தியாசமும் தொலைந்துவிட்டது. நேற்று கேமை டவுன்லோட் பண்ணின தம்பியும் எங்களுக்கு நூப்தான். ஆனால் நாங்கள் விளையாடத் தொடங்கினபோது, எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று யாரோ ஒருத்தர் பொறுமையாகச் சொல்லித் தந்திருப்பார். அடுத்த மட்ச்சில் "நூப்" என்று வாய் திறக்க முதல், அந்த ஆளை ஒருக்கா நினைத்துப் பார்ப்போம்.