நியாசின் முகச்சிவப்பு
கொழுப்பைக் குறைக்க நியாசினை (வைட்டமின் பி3) கிராம் கணக்கில் உட்கொள்வோருக்கு முகம், கழுத்து, மார்பு சிவந்து, சூடேறி, அரிக்கும் நிலை. தோலில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் டி2 இரத்தக் குழாய்களை விரிப்பதே முக்கியக் காரணம், ஒவ்வாமை அன்று. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்துவதும், சாப்பாட்டோடு எடுப்பதும், அந்நேரம் சூடான காபியையும் மதுவையும் தவிர்ப்பதும் உதவும். அரை மணி முன்பு ஆஸ்பிரின் போடலாம். வயிற்றுப் புண், இரத்தக்கசிவுத் தொல்லை இருந்தால் கூடாது, மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே போடவேண்டும். சில வாரங்களில் உடல் பழகிவிடும். இடையில் நிறுத்தினால் சிவப்பு திரும்பும். சிவக்கவைக்காத நிகோட்டினமைடு கொழுப்பைக் குறைப்பதில்லை. கொழுப்புக்காக அதை வாங்குவது வீண்செலவு. மெதுவாகக் கரையும் சில நியாசின் வகைகள் கல்லீரலைக் கெடுக்கக்கூடும். சர்க்கரையும் யூரிக் அமிலமும் ஏறலாம் என்பதால் இரத்தப் பரிசோதனை தேவை. ஸ்டேட்டின் எனும் கொழுப்புக் குறைப்பு மருந்தோடு நியாசினைச் சேர்த்தும் மாரடைப்பு குறையவில்லை என 2011, 2014 ஆய்வுகள் காட்டியபின் இதன் பயன்பாடு சுருங்கியது.