வைக்கோல் உருளை

இயந்திர அறுவடைக்குப் பின் வயலில் வரிசையாகக் கிடக்கும் நெல் தாளை, டிராக்டரின் பின்னால் பூட்டிய கருவி வாரிச் சுருட்டிக் கயிறு சுற்றி வெளியே தள்ளும் உருண்டைக் கட்டே வைக்கோல் உருளை. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், சங்கராபரணி ஆற்றை ஒட்டியிருக்கும் திருவக்கரையிலும் அதைச் சுற்றிய திண்டிவனம், மயிலம் பகுதிகளிலும் இதைக் ‘கட்டு’ என்றோ ‘ரோல்’ என்றோ சொல்வார்கள். கருவிக்குக் ‘கட்டு கட்டுற மெஷின்’ என்று பெயர். விற்பனைக்காரர்கள் ‘பேலர்’ என்பார்கள்.

கையறுப்புக் காலத்தில் தாள் முழு நீளத்தோடு கற்றை கற்றையாகக் களத்துக்கு வந்தது. அடித்து, உதறி, காயவைத்துப் போர் போட்டார்கள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி கூம்பு வைத்துப் போர் போடத் தெரிந்தவருக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. இன்று அறுவடை இயந்திரம் போன தடத்தில் தாள் நசுங்கித் துண்டுபட்டுக் கிடக்கிறது. அதை வாரிச் சேர்க்க ஆள் கிடைப்பதில்லை. நாலு நாள் பனியும் ஒரு மழையும் பட்டால் கறுத்துப்போகும். சம்பா அறுப்பு நடக்கும் தை, மாசியிலும் நவரை அறுப்பு நடக்கும் சித்திரையிலும் கட்டு மெஷின்கள் விளக்குப் போட்டுக்கொண்டு இரவிலும் ஓடுவது இதனால்தான். வேளாண் இயந்திரமயமாக்கலுக்கான மத்திய அரசுத் திட்டம் 2014–15இல் தொடங்கியது. அதன் 40 முதல் 50 விழுக்காடு மானியத்தில் இத்தகைய கருவிகள் சிறு ஊர்களுக்கும் வந்து சேர்ந்தன.

கருவியின் முன்பக்கம் சுழலும் கம்பிப் பற்கள் தாளை வாரி உள்ளே கொடுக்கும். உள்ளே அது உருண்டு உருண்டு தடிக்கும். அறை நிறைந்து இறுகியதும் ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார். கயிறு சுற்றி முடிந்ததும் பின்கதவு திறக்கும், கட்டு தரையில் விழும். இங்கே புழங்கும் சிறு கருவிகளின் கட்டு சுமார் 60 செ.மீ. விட்டமும் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் உடையது. எடை, தாளின் ஈரத்தைப் பொறுத்து, 15 முதல் 30 கிலோ வரை இருக்கும். ஓர் ஆள் தூக்கித் தோளில் போடக்கூடிய அளவு இது.

அமெரிக்காவில் இதன் கதை வேறு. நெப்ராஸ்காவின் லூபென் குடும்பத்தார் உருண்டைக் கட்டு இயந்திரத்துக்கு 1910இல் காப்புரிமை பெற்றார்கள். அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் 1947இல் அதைப் பெருமளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1971இல் அயோவாவின் கேரி வெர்மீர் செய்த பெரிய இயந்திரம் ஒரு டன் எடைக்கும் கட்டு கட்டியது. அந்த அளவுக் கட்டை மனிதக் கை தொட முடியாது. டிராக்டரின் முன்தூக்கியில் ஈட்டிபோன்ற கம்பியைப் பொருத்திக் குத்தித்தான் எடுக்க வேண்டும். தூக்கிய கட்டைத் தரையை ஒட்டியே கொண்டுபோக வேண்டும், பின்பக்கம் எதிர்ப்பாரம் இருக்க வேண்டும். கட்டை உயரத் தூக்கிக்கொண்டு திரும்பினால் டிராக்டர் சாயும். சரியாகக் குத்தாத கட்டு முன்தூக்கியின் கைகள் வழியே பின்னோக்கி உருண்டு ஓட்டுநர் மடியிலேயே விழும். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 2010 செப்டம்பர் 3 அன்று சரிவில் உருண்டு வந்த சுமார் 600 கிலோக் கட்டு, சாலையில் போய்க்கொண்டிருந்த வேன்மீது விழுந்தது. இறந்தவர் எலெக்ட்ரிக் லைட் ஆர்க்கெஸ்ட்ரா இசைக்குழுவின் செல்லோ கலைஞராக இருந்த மைக் எட்வர்ட்ஸ்.

திருவக்கரைக் கட்டுக்கு அத்தனை எடை கிடையாது. ஆனாலும் உருளும் குணம் ஒன்றுதான். இந்த ஊரின் கல்மரப் பூங்காவைப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் விளங்கும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1940இல் பாதுகாப்பில் எடுத்த அந்தச் செம்மண் மேட்டில், சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்லாய்ப்போன அடிமரங்கள் ஆங்காங்கே படுத்துக் கிடக்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் கட்டுப் போட்டுவிட்டுப் போன வயல் போலவே இருக்கும். கிளையும் இலையும் வேரும் இல்லாததால் அவை வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதே மேட்டுச் சரிவுகளில், கட்டை வாய்க்கால் பக்கம் பார்த்து விட்டால் வரப்பு தாண்டி ஓடும். சரிவுக்குக் குறுக்காக ஓட்டி, கட்டின் தட்டைப் பக்கம் பள்ளத்தைப் பார்க்கும்படி இறக்குவதே முறை. அடுக்கும்போது அடிவரிசையின் இரு முனைகளுக்கும் கல்லோ கட்டையோ அண்டை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஒன்றை உருவியதும் மொத்தமும் சரியும். அடுக்கில் ஏறி விளையாடும் பிள்ளைகள் கீழே சிக்கிக்கொள்வார்கள்.

டிராக்டரிலிருந்து கருவிக்கு விசை கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல்கிறது, அதாவது நொடிக்கு 9 சுற்று. தண்டின் சுற்றளவு 25 செ.மீ. என்று வைத்துக்கொண்டாலே, ஒரு நொடியில் இரண்டேகால் மீட்டர் துணியை இழுத்துவிடும். கைலியின் நுனி மாட்டினால் கையை எடுக்கக்கூட நேரமிருக்காது. தண்டின்மேல் பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் கருவி விற்கப்படுகிறது. முதல் பருவத்திலேயே அது உடைந்து, கழற்றி எறியப்பட்டிருப்பதை எந்த வயலிலும் பார்க்கலாம். இந்த உறையை மாற்றாமல் கருவியை வாடகைக்கு விடுவதை எந்த வாடகைக் கணக்கும் நியாயப்படுத்தாது. வாயில் தாள் அடைத்துக்கொண்டால் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகே கையை உள்ளே விட வேண்டும். தண்டு ஓடும்போதே காலால் தாளை உதைத்து உள்ளே தள்ளுகிறவர்கள் காலையே பறிகொடுக்கிறார்கள்.

ஆனால் இந்த வட்டாரத்தில் வைக்கோலால் வரும் பெரிய சேதம் வயலில் நடப்பதில்லை, சாலையில் நடக்கிறது. எடை குறைவு, வாடகை அதிகம் என்பதால் டிரெய்லரிலும் மினி லாரியிலும் கட்டுகளை வானளாவ அடுக்குகிறார்கள். சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி 5.8 மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. வெயிலில் கம்பி தொய்யும், கம்பம் சாயும், சாலையின் மட்டம் உயரும். உச்சியில் மூங்கில் கழியோடு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். ‘அண்ணே, கம்பி வருது, மெதுவா!’ என்று குரல் கொடுத்துவிட்டு, கழியால் கம்பியை நெம்பித் தூக்குவார், வண்டி கீழே நுழையும். பனியில் நனைந்த மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் பொறி கொட்டும். கழிக்காரரை மேலே ஏற்றுவதே கொலைக்குச் சமமான வேலை. பாரத்தைக் கேபினுக்கு மேல் இரண்டு வரிசையோடு நிறுத்துவதற்கும், போகும் வழியைப் பகலில் ஒருமுறை வெறும் வண்டியில் பார்த்து வருவதற்கும் காசு ஒன்றும் ஆகாது.

அந்தப் பொறியில் பாரம் தீப்பிடித்ததைப் பெரும்பாலும் ஓட்டுநர் கடைசியாகத்தான் அறிகிறார். எதிரே வருபவர்கள் கத்திய பிறகு கண்ணாடியில் புகை தெரியும். பயத்தில் வேகமெடுத்தால் காற்று தீயை ஊதிப் பெருக்கும். வீடு, கூரை, கடை இல்லாத இடமாக நிறுத்தி, டிரெய்லரின் கொண்டியைக் கழற்றி டிராக்டரைப் பிரிக்க வேண்டும், 101க்கு அழைக்க வேண்டும். கம்பி வண்டிமேலேயே கிடந்தால் இருக்கையை விட்டு அசையக் கூடாது. தீயினால் இறங்கியே ஆக வேண்டுமென்றால், வண்டியைத் தொட்டபடி தரையில் கால் வைக்காமல், இரு கால்களும் சேர்ந்திருக்கத் தாவி, பாதங்களைத் தரையை விட்டுத் தூக்காமல் நகர்ந்து விலக வேண்டும். திருவக்கரைச் சாலைகளில் கல்குவாரி டிப்பர்களும், பௌர்ணமியன்று வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டமும் சேர்ந்துகொள்வதால், எரியும் வண்டியை எங்கே நிறுத்துவது என்பதே பெரும்பாடு.

யாரும் கொளுத்தாமலும் வைக்கோல் எரியும். ஈரத்தோடு கட்டினால் நுண்ணுயிர்கள் பெருகி உள்ளே சூடு ஏறும். ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் கட்டக் கூடாது என்பது பொதுவான அளவு. அடுக்கின் நடுவில் 65 பாகை செல்சியஸ் வந்தால் கவனம் தேவை, 80ஐ நெருங்கினால் தீயணைப்பு வண்டி பக்கத்தில் இல்லாமல் அடுக்கைக் கலைக்கக் கூடாது. உள்ளே காற்றுப் புகுந்ததும் குப்பென்று பற்றும். வெப்பமானி இல்லாத இடத்தில், அடுக்கின் நடுவே இரும்புக் கம்பியைச் செருகி வைத்திருந்து உருவிப் பார்க்கலாம். கையால் பிடிக்க முடியாத சூடென்றால் விஷயம் முற்றிவிட்டது. முதல் ஆறு வாரம் இந்தச் சோதனையை விடக் கூடாது. தாள் காய்ந்துவிட்டதா என்று அறிய, ஒரு பிடி எடுத்து முறுக்கிப் பார்ப்பார்கள். பிரி போல வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, நொறுங்கி முறிந்தால் கட்டலாம்.

சூடேறாமல் தப்பினாலும் ஈரக்கட்டு பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலைத் தின்ற எருமைகளுக்குக் காதும் வாலும் குளம்பும் அழுகும் டெக்னாலா நோய் வட இந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டது.

பெரிய பண்ணைகளில் கட்டைப் பிரிப்பதற்கென்றே தனிக் கருவி உண்டு. டிராக்டரின் பின்னால் இரு கைகள் கட்டின் நடுவைப் பிடிக்க, வண்டி நகர நகரப் பாய் விரிப்பதுபோல வைக்கோல் தரையில் விரியும். அங்கேயும் சரிவில் குறுக்காகவே ஓட்ட வேண்டும், கட்டைச் சுற்றிய வலையையும் கயிற்றையும் முன்பே அகற்ற வேண்டும். இந்த வட்டாரத்தில் அந்த வேலையை ஓர் அரிவாளும் ஒரு காலும் செய்கின்றன. கயிற்றை ஒரே நேர்கோட்டில் அறுத்து, நுனியைப் பிடித்துக்கொண்டு கட்டைக் காலால் தள்ளினால் மடிப்பு மடிப்பாகப் பிரியும். நாளுக்கு ஐந்து கிலோ தின்னும் மாட்டுக்கு 25 கிலோக் கட்டு ஐந்து நாள் வரும். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை நீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைத்து ஊட்டம் ஏற்றுகிறவர்களுக்கும் பிரித்த மடிப்பு வசதியானது. மிச்சத்தைக் காய்கறிப் பாத்திக்கு மூடாக்காக விரிக்கிறார்கள். திண்டிவனம் பக்கத்துத் தர்பூசணி லாரி ஏறும்போது அடியில் மெத்தையாகப் போடுவதும் இதே வைக்கோல்தான்.

அறுத்த கயிறு தீவனத்தோடு கலந்துவிடக் கூடாது. சணல் மட்கிப்போகும். பிளாஸ்டிக் கயிறு மாட்டின் இரைப்பையில் சுருண்டு பந்தாகித் தங்கிவிடும், மாடு தீனி எடுக்காமல் இளைக்கும், வயிற்றைக் கீறி எடுப்பதே வழியாகும். கவனமுள்ளவர்கள் கொட்டகைத் தூணில் ஓர் ஆணி அடித்து, பிரித்த ஒவ்வொரு கட்டின் கயிற்றையும் அப்போதே அதில் மாட்டிவிடுகிறார்கள். மாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுமுன் ஆணியில் தொங்குவதை எண்ணிப் பார்க்கிறார்கள். ஒன்று குறைந்தால், தொட்டியில் போட்ட வைக்கோலை மறுபடி வெளியே வாரித் துழாவுகிறார்கள்.