பெருந்தொற்றுக் காலத்தில் ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சை

2020 மார்ச் 20-இல் மத்திய சுகாதார அமைச்சகம், அத்தியாவசியமல்லாத, முன்கூட்டி நாள் குறித்துச் செய்யும் அறுவைச் சிகிச்சைகளை ஒத்திவைக்குமாறும், அரசு, தனியார் வைத்தியசாலைகள் யாவும் தொற்றாளரைத் தனிமைப்படுத்தச் சில படுக்கைகளை ஒதுக்குமாறும் தேசமெங்கும் விடுத்த அறிவுரை, ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவுக்கும் உரியதாயிற்று. படுக்கையும் பிராணவாயுவும் முகக்கவசமும் தொற்றாளருக்கெனச் சேமிக்கப்படவேண்டும் என்பதோடு, மயக்கமூட்டச் சுவாசக் குழாய் செலுத்துகையில் கிருமி வெளிப்பட்டு வைத்தியரைப் பற்றக்கூடும் என்ற அச்சமும் அக்காலத்தில் இருந்தது. ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சைகளுள், சௌந்தரியத்தின் பொருட்டு மூக்கைத் திருத்துவது காத்திருக்கலாம். ஆனால் தொழிற்சாலைகள் மிகுந்த பட்டான்செரு போன்ற ஊரில், தீக்காயத்தால் சுருங்கி மடங்கிய விரல்களை விடுவிக்கும் சிகிச்சையும் நாள் குறித்துச் செய்யப்படுவதேயாயினும், அதனை அலங்காரத்தின் வரிசையில் வைத்தல் நியாயமன்று. தாமதம் நீண்டால் மூட்டு இறுகித் தொழிலாளியின் ஜீவனமே குன்றிவிடும்.